தோல் ஆறினால் போதுமா?

தீயில் வெந்தவருக்குத் தோல் மூடிவிட்டால் நோய் தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் தவறு; இரக்கமற்றதும்கூட.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூரொன்றில் அடுப்புத் தீயில் கை வெந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ அவரை இறக்கிக் கொண்டுவர வேண்டும். மருத்துவர்கள் உயிரைக் காக்கிறார்கள், தோலை ஒட்டுகிறார்கள். பிறகு? ஆறிய வடு மாதக்கணக்கில் சுருங்கி விரல்களை மடக்குகிறது. அதனினும் விரைவாக உள்ளம் சுருங்குகிறது. வீட்டாரோ கண்ணாடியை ஒளித்து வைக்கிறார்கள். விசேஷங்களுக்கு அவரை அழைத்துச் செல்வதில்லை.

இத்தகையோர் கையில் தூரிகையையும் களிமண்ணையும் கொடுப்பதே கலை மருத்துவம். வலிக்கு அஞ்சி விரல் நீட்ட மறுப்பவர், வண்ணம் தீட்டும்போது தம்மை மறந்து நீட்டுகிறார். வாய் சொல்லாத திகிலைத் தாளில் இறக்கி வைக்கிறார். காசநோய் மருத்துவமனையில் வரைந்தே தேறிய ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942இல் இதற்குப் பெயர் சூட்டினார். அறுவைக்கும் உடற்பயிற்சிக்கும் இது மாற்றன்று, துணை.

“மருந்துக்கே வழியில்லை, சித்திரம் ஒரு கேடா?” என்பார்க்கு வேலூரே விடை சொல்லும். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு போனவர்கள், இப்போது பிச்சைகூடக் கிடைக்கவில்லையெனத் திரும்பி வந்தார்கள். கை சீரானால் மட்டும் வாழ்வு சீராகாது என்றுணர்ந்த அவர், 1950களில் புதுவாழ்வு நிலையம் கண்டு, மரவேலையும் பொம்மை செய்தலும் பயில வைத்தார். தொழுநோயாளிக்குப் பொருந்திய நியாயம் தீப்பட்டவருக்குப் பொருந்தாதா?

நம் இல்லங்களில் வேறொரு தயக்கமும் எழும்: உருவம் வரையலாமா? உருவத்தைத்தான் வரைய வேண்டுமென்று யார் சொன்னார்கள்? பத்தமடையில் நம் பெண்மக்கள் கோரையில் நெய்யும் கோடும் கட்டமும் உருவங்களா? பூவும் கொடியும் எழுத்தணியும் நமக்குப் புதியனவா? தயக்கத்தைச் சாக்காக்கி ஒரு நோயாளியை இருட்டறையில் விட்டு வைப்பதை எந்த மார்க்கம் ஒப்பும்?

சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயமுற்ற பெண்களுக்குப் பி.சி.வி.சி. என்னும் தொண்டு நிறுவனம் உளத்துணையாக நின்றிருக்கிறது. மலையடிவாரத்து மருத்துவமனைகளுக்கும் அத்தகைய துணை வேண்டும்; அத்துடன் ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வண்ணப் பெட்டிகள் வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர்ச் செல்வர்களே! ஒரு வலீமா விருந்தில் மிஞ்சிக் கொட்டப்படும் சோற்றின் விலைக்கு அவ்வண்ணங்களை வாங்கிவிடலாம். நோயாளியை நலம் விசாரிக்கப் பழக்கூடையோடு போகிறோம். இனிப் போகும்போது ஒரு தூரிகையையும் எடுத்துச் செல்வோம்.