வீசி எறிவதுதான் தொழில்நுட்பமா?



அண்மையில் என் தாயாரின் கண்புரை அறுவை சிகிச்சைக்காகச் சாஆவிலிருந்து வெளியூர் மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். சிகிச்சை நல்லபடியாக நிறைவுற்றது. காத்திருந்த வேளையில், ஊழியர் ஒருவர் மஞ்சள் நிறக் கழிவுப் பைகளை வண்டி நிறையத் தள்ளிச் சென்றார். இவை யாவும் ஒரே ஒருமுறை பயன்படுத்தப்பட்டவையா என்னும் கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

மதுரையில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அங்கு ஒரு கண்புரை அறுவைக்கு ஏறத்தாழ 250 கிராம் கழிவும் 6 கிலோ கரியமில வாயுவுக்கு நிகரான வெளியேற்றமும் மட்டுமே உண்டாவதாக 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் அதே சிகிச்சைக்கான வெளியேற்றம் ஏறத்தாழ 180 கிலோ என 2013இல் கணக்கிடப்பட்டது. கணக்கிடும் முறைகள் சற்று வேறுபடலாம். ஆயினும் இடைவெளி பெரிது. கருவிகளை விரைவாகக் கிருமிநீக்கம் செய்து மீண்டும் பயன்படுத்துகின்றனர். ஒரு மருந்துப் புட்டியைப் பலருக்குப் பயன்படுத்துகின்றனர். இதனால் நோய்த்தொற்று பெருகியதாகவும் தெரியவில்லை.

குருதி தோய்ந்த பஞ்சையும் ஊசியையும் மீண்டும் பயன்படுத்துங்கள் என்று நான் கூறவில்லை. அவற்றைப் பாதுகாப்பாக அழிக்கவே நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் கழிவு விதிமுறைகள் உள்ளன. தூய்மையாக்கத் தக்கதையும் அழிக்க வேண்டியதையும் பிரித்தறிவதே அறிவுடைமை. புதிய இயந்திரம் வாங்குவது மட்டும் தொழில்நுட்பத் தலைமை ஆகாது. 'இதனைப் பழுதுபார்க்க இயலுமா? பயன் முடிந்தபின் இது எங்கே போகும்?' என்று வாங்குமுன் கேட்பதே தலைமை. சுழல் பொருளாதாரம் என்று இன்று பேசப்படுவதும் இதுவே.

அக்கேள்வியைக் கேளாததன் விலையை நம் ஜொகூர் அறியும். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. மூச்சுத் திணறியவர்களுள் நம்மிடம் பாடம் கற்கும் வயதினரும் இருந்தனர்.

மருத்துவமனை நிருவாகம் நம் கையில் இல்லை. ஆனால், நாளைய மருத்துவரும் பொறியாளரும் அதிகாரியும் இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர். பழுதான மின்விசிறியை மாற்றுமுன், அதனைச் சரிசெய்ய இயலுமா என்று அவர்கள் முன்னிலையில் கேட்போம். வீட்டில் எஞ்சிய மருந்துகளைக் குப்பையில் கொட்டாமல், பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று மருந்தகத்தில் ஒப்படைப்போம்.

பிள்ளைகள் நம் சொல்லைவிடச் செயலையே கற்கின்றனர். சிந்திப்போம், செயல்படுவோம்.