மூலிகையும் மூக்கும்

பேராவூரணிக் கடைத்தெருவில் சென்ற மாதம் ஒரு பொட்டலம் வாங்கினேன். ஆட்டுக்கறி உப்புக்கண்டம். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, கறியோடு ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக் உறை. அதன்மேல் பச்சை எழுத்தில், ‘மூலிகைச் சாறு சேர்த்தது, ரசாயனம் அறவே இல்லாதது’ என்று அச்சிட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு ஒரு வேப்பிலைப் படம் வேறு. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். என்ன மூலிகை, எவ்வளவு சேர்த்தார்கள் என்று இல்லை. செய்த தேதி இல்லை. எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்பதும் இல்லை.

கடைக்காரரைக் கேட்டேன். “மூலிகைங்க சார், கெட்டே போகாது” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை, மூலிகையோடு அல்ல.

என் அத்தை உப்புக்கண்டம் போடுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். கொழுப்பை நீக்கிவிட்டுக் கறியை வார் வாராக அரிவாள். உப்பு, மஞ்சள், பூண்டு, மிளகாய் எல்லாம் அரைத்துப் பூசி, நூலில் கோத்து, கொடியில் கட்டி வெயிலில் தொங்கவிடுவாள். காக்காய் விரட்டுவது என் உத்தியோகம். வானத்தில் மேகம் கண்டால் அன்றைக்குக் கறியே வாங்கவிட மாட்டாள். “வெயில் இல்லாம வெறும் மஞ்சள் என்னடா செய்யும்?” என்பாள். சாஸ்திரம் படிக்காதவள் சொன்ன சாஸ்திரம் அது. கறியைக் காப்பாற்றியது உப்பும் வெயிலும்தான். இரண்டும் சேர்ந்து நீரை வெளியேற்றுகின்றன. நீர் இல்லாத இடத்தில் கிருமி வளராது. மஞ்சளும் பூண்டும் கூடவந்து கைகொடுத்தன.

அந்த உதவியைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை. கறியிலுள்ள கொழுப்பு காற்றுப் பட்டுப் பட்டுக் காறிப் போகிறது. கறிவேப்பிலை, முருங்கையிலை ஆகியவற்றின் சாறு அந்தக் காறலைத் தாமதப்படுத்துகிறது என்று நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே அரைத்த இறைச்சியில் சேர்த்துச் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ரோஸ்மேரி என்ற செடியின் சாற்றை ஐரோப்பாவில் 2010-ல் அனுமதித்தார்கள். அனுமதித்தபோது, ‘செடிதானே!’ என்று விட்டுவிடவில்லை. இ-392 என்று எண் கொடுத்து, எந்தப் பண்டத்தில் எவ்வளவு சேர்க்கலாம் என்று வரம்பும் கட்டினார்கள்.

ஆனால், காறல் வேறு; கிருமி வேறு. காறலைத் தடுக்கக் கொஞ்சம் சாறு போதும். கிருமியை அடக்கும் அளவுக்குச் சாறு ஊற்றினால், அது கறியாக இராது, கஷாயமாகத்தான் இருக்கும். ஆகவே வியாபாரி ஊற்றுவது கொஞ்சம்தான். அதன் பலன் என்ன? சரியாகக் காயாத கறி காறாமல் இருக்கிறது, வாடை வருவதில்லை. காற்றில்லாத உறைக்குள் பொட்டுலினம் போன்ற கிருமி வளர்ந்து நஞ்சைக் கக்கினாலும், அந்தக் கறி நாறித்தான் தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூக்கு என்பது கடவுள் நமக்கு வைத்த காவல்காரன். அவனைத் தூங்கவைத்துவிட்டு, ‘வீட்டில் திருடனே இல்லை’ என்று சொல்வதை நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

அப்படியானால் ரசாயனம்தான் உத்தமமா என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. பதனிட்ட இறைச்சியில் பொட்டுலினத்தை அடக்க நைட்ரைட் உப்பைச் சேர்க்கிறார்கள். அதிலிருந்து கேடான பொருள்கள் உண்டாகலாம் என்ற கவலை நெடுநாளாக உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல், பதனிட்ட இறைச்சியையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. இந்தக் கவலைக்கு மேல்நாட்டு வியாபாரிகளில் சிலர் என்ன செய்தார்கள்? செலரி என்ற கீரையின் பொடியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீரையிலேயே நைட்ரேட் ஏராளம். அது நைட்ரைட்டாக மாறி அதே வேலையைச் செய்கிறது. உறையில் மட்டும் ‘நைட்ரைட் சேர்க்காதது’ என்று எழுத்து! கீரை வழியாக வந்தால் நைட்ரைட்டுக்குப் பெயர் மாறிவிடுமா?

பட்டுக்கோட்டையைத் தாண்டிப் போனால் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூரில் உணவுப் பதன ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிலையம் இருக்கிறது. ‘என் மூலிகை நல்லது’ என்று நம்புகிற வியாபாரிக்கு அங்கெல்லாம் போய் யோசனை கேட்பது அப்படியொன்றும் தூரமில்லை. சோதித்துப் பார்த்து, இன்ன இலை, இத்தனை அளவு, இத்தனை நாள் என்று உறையில் அச்சிடட்டும். முதல் ஆளாக நான் வாங்குகிறேன். தேதியில்லாமல் உறையிட்டு விற்பதோ சட்டத்துக்கே விரோதம்.

நம் பாட்டிமார்களின் பெயரைச் சொல்லி விற்கிறவர்கள், பாட்டிமார்களின் நாணயத்தையும் கடைப்பிடிக்க வேண்டும். என் அத்தை உப்புக்கண்டப் பானையை எடுத்துக் கொடுக்கும்போது, என்றைக்குப் போட்டது, எதுவரை தாங்கும் என்று சொல்லித்தான் கொடுப்பாள். ‘கெட்டே போகாது’ என்று அவள் எதைப் பற்றியும் சொன்னதில்லை.

அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். காசைக் கேட்கவில்லை, தேதியைத்தான் கேட்டேன். இதுவரை பதில் இல்லை.