தட்டு வரை வந்த சோறு

பிள்ளை சாப்பிடவில்லை என்றால் நம் வீடுகளில் வரிசையாக என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிலாவைக் காட்டுவார்கள், பலிக்காவிட்டால் செல்போனைக் காட்டுவார்கள். பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுவார். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிப்போவார்கள். கடைசியில் காலை நீட்டி, பிள்ளையை அதில் கிடத்தி, பாலாடையை வாயில் சரிப்பார்கள். அதற்குப் பிறகும் எடை ஏறாவிட்டால் பழி ஒருத்தி தலையில்தான் விழும்: "அவளுக்கு ஊட்டத் தெரியவில்லை."

இந்தத் தீர்ப்பை முதலில் திரும்பப் பெறுவோம். விழுங்குவது பார்க்கத்தான் எளிது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கோத்துச் செய்யும் திறன் கருவின் 34ஆவது வாரத்தையொட்டித்தான் கைகூடத் தொடங்குகிறது. அதற்கு முன்பே பிறந்து, வாரக்கணக்கில் குழாய் வழியே பால் இறங்கிய குழந்தைக்கு வாய்ச்சுவை பழகவே நாளாகும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு நாக்கும் தாடையும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் குழைந்த சோற்றின் பிசுபிசுப்பே தாங்க முடியாததாக இருக்கலாம்.

நமக்குப் புரையேறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையில் தட்டிக்கொள்கிறோம். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இருமல்கூட வராமலே உணவு மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அடிக்கடி வரும் நிமோனியாவாகத்தான் அது வெளியே தெரியும். அவர்களைப் படுக்கவைத்துப் புகட்டுவது ஆபத்து.

சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சிகிச்சை தேவையில்லை. பலர் வளர வளரத் தேறிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரத்தைத் தாண்டி இழுக்கிறது, சாப்பிடும்போது இருமல் வருகிறது, இரண்டு வயதாகியும் அரைத்துத் தந்தால்தான் இறங்குகிறது, எடை நின்றுவிட்டது என்றால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. குழந்தைகளின் உண்ணல் கோளாறுக்கு 2019இல் வெளியான வல்லுநர்களின் பொது வரையறை, உடல்நோய், ஊட்டம், உண்ணும் திறன், மனமும் குடும்பச் சூழலும் என நான்கு பக்கமும் பார்க்கச் சொல்கிறது. ஒரு டாக்டரும் ஒரு டானிக் பாட்டிலும் இதற்குப் போதாது.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தேவைப்படும் தீவிர உண்ணல் பயிற்சி என்பது என்ன? முறைகள் இடத்துக்கு இடம் மாறும், அடிப்படை ஒன்றுதான். முதலில் உட்காரும் விதத்தைச் சரிசெய்வார்கள். கால் தொங்கினால் கழுத்தும் தாடையும் நிலைகொள்ளாது. பாதத்துக்கு அடியில் ஒரு பலகை வேண்டும். தட்டையான சிறு ஸ்பூனில் ஒரு பருக்கை தயிர்சாதம். முதல் நாள் குழந்தை அதை விரலால் தொட்டாலே பெரிய காரியம். பிறகு முகர்வது, உதட்டில் ஒற்றுவது, நக்குவது. துப்பினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இப்படி ஒரு நாளில் பல வேளை, பல வாரங்கள். குழந்தை மருத்துவர், விழுங்கும் பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளர், உணவியலாளர், உளவியலாளர் எல்லோரும் கூடிச் செய்யும் வேலை இது. முடிவில் அந்த ஸ்பூன் பெற்றோர் கைக்கு மாறும். வீட்டில் தொடராவிட்டால் கற்றது நிற்காது.

சிக்கலே இங்குதான். நம் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைப்பது வாரத்துக்கு ஒருமுறை சிறிது நேரம். அதற்கும் அன்றைய கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நாலாவது வாரம் வரவு நின்றுவிடும். "பெற்றோர் ஒத்துழைக்கவில்லை" என்று பழி மறுபடியும் அதே தலையில் ஏறும்.

1956இல் மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று பிள்ளைகளின் தட்டு வரை சோற்றைக் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. தட்டுக்கும் தொண்டைக்கும் இடையிலான ஒரு சாண் தூரம்தான் பாக்கி. அதைக் கடக்கப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அங்கன்வாடியில் எடை பார்க்கும்போது கூடவே இரண்டு கேள்வி கேட்கலாம்: ஒரு வேளை சாப்பிட எவ்வளவு நேரமாகிறது? புரையேறுகிறதா? 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். மேல்சிகிச்சைக்கு மாவட்ட இடையீட்டு மையம் இருக்கிறது. அந்த மையங்களில் உண்ணல் பயிற்சிக்குத் தனி நேரமும் ஆளும் வேண்டும். வாரக்கணக்கில் தங்கும் குடும்பத்துக்கு ஓர் அறையும், இழந்த கூலிக்கு ஈடும் அரசு தரட்டும். வீடு தேடி இயன்முறைப் பயிற்சி தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்', ஊர் திரும்பிய குழந்தையையும் தொடர்ந்து பார்க்கட்டும்.

பள்ளியின் பங்கு அதே சாம்பார் சாதத்தை மசித்துத் தருவதும், மணி அடித்தாலும் கூடுதலாகப் பத்து நிமிடம் விடுவதும். அப்பாவின் பங்கு ஒரு வேளை ஊட்டக் கற்றுக்கொள்வது. தாத்தா பாட்டியின் பங்கு, மையத்துக்கு ஒரு நாளாவது கூடப்போய்ப் பார்ப்பது.

அக்கம்பக்கத்துக்கும் பங்கு உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு மணி நேரமாக ஊட்டும் சத்தம் கேட்டால், "இன்னுமா முடியவில்லை?" என்று கேட்டுவிட வேண்டாம். "பெரியவளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குக் கிளம்பு" என்று சொல்லலாம்.