“சூத்திரமே தப்பா இருந்தா, சார்?”



பல வருடங்களுக்கு முன் பதினோராம் வகுப்பில் ஈர்ப்பு விசை நடத்திக்கொண்டிருந்தேன். சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள புதன் நொடிக்கு 47 கி.மீ. ஓடுகிறது, தூரத்தில் உள்ள நெப்டியூன் 5 கி.மீ.தான். கேலக்ஸியிலும் விளிம்பு நட்சத்திரங்கள் மெதுவாகத்தானே போகவேண்டும்? 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவை அளந்து பார்த்தார்கள். வேகம் அப்படிக் குறையவில்லை. “கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் அங்கே இருக்கிறது” என்று சொல்லி முடித்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: “சூத்திரமே தப்பா இருந்தா, சார்?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, “நியூட்டனைவிட நீ பெரிய ஆளா? உட்காரு” என்றேன்.

அந்தச் சிரிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. ஏனென்றால் வரலாறு அவன் பக்கமும் இருக்கிறது.

யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்று பிரான்ஸின் லெவெரியே கணக்குப் போட்டார். 1846இல் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். ஏறக்குறைய அவர் சொன்ன இடத்திலேயே நெப்டியூன்! பிறகு புதனின் பாதையிலும் சிறு பிசகு. அதே லெவெரியே அங்கேயும் ஒரு மறைந்த கோள் என்றார். ‘வல்கன்’ என்று பெயர்கூட வைத்தாயிற்று. கோள்தான் இல்லை. 1915இல் ஐன்ஸ்டைன் வந்து ஈர்ப்பு விதியையே மாற்றியபோது கணக்கு நேரானது.

ஆக, ஒரே ஆள், ஒரே யோசனை. ஒருமுறை சரி, ஒருமுறை தப்பு.

1983இல் இஸ்ரேலின் மில்குரோம் அந்தப் பையன் கேட்டதைத்தான் கேட்டார். மிகமிகக் குறைந்த முடுக்கத்தில் நியூட்டன் விதி மாறினால்? பல கேலக்ஸிகளின் சுழற்சிக்கு அது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கேலக்ஸிக் கொத்துகளில் தடுமாறுகிறது. ‘புல்லட்’ கொத்தில் இரண்டு கொத்துகள் மோதியபோது வாயு நடுவே தங்கிவிட்டது. ஈர்ப்போ அதைத் தாண்டிப் போயிருப்பதை 2006இல் காட்டினார்கள். அதனால் என் மனம் கரும்பொருள் பக்கமே சாய்கிறது. ஆனாலும் பூமிக்கடியில் இத்தனை ஆண்டுகள் கருவி வைத்துக் காத்திருந்தும் அதன் ஒரு துகள்கூட இதுவரை சிக்கவில்லை.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை முடிந்துபோன பாடமாக நடத்தாதீர்கள். கேட்கிற பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்.

தம்பி, நீ இதைப் படித்தால் ஒரு வரி எழுது. அன்று உன் கேள்வி சரிதான், சிரித்ததுதான் தப்பு.