தொற்றுநோய்க்கு மதம் உண்டா?

2020 மார்ச் 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நான்கு மணி நேரத்தில் நாடு பூட்டப்பட்டது. மில் சங்கு ஓய்ந்தது. கூலி நின்றது. பிழைக்கப் போன இடத்தில் சோறின்றி, லட்சக்கணக்கான தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்து சொந்த ஊருக்கு நடந்தார்கள். மே 8ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்திலேயே கண்ணயர்ந்த 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டார்கள்.

அந்த நாட்களில் நம் கைப்பேசிகளில் ஓடிய சேதி என்ன? இவர்களுக்குக் கூலி எங்கே, அரிசி எங்கே என்ற கேள்வியா? "நோயைப் பரப்புவது முஸ்லிம்களே" என்ற விஷமப் பிரசாரம் அல்லவா ஓடியது!

டில்லி நிஜாமுதீனில் கூடிய தப்லீக் ஜமாத்தினர் பலருக்கு நோய் கண்டது உண்மை. அதைச் சொல்லி எச்சரிப்பது சுகாதார வேலை. ஆனால் அதற்குக் 'கொரோனா ஜிஹாத்' என்று பெயர் சூட்டி, தள்ளுவண்டியில் காய் விற்ற ஏழை முஸ்லிமைத் தெருவை விட்டு விரட்டினார்களே, அது என்ன வேலை? அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் ஐகோர்ட்டின் அவுரங்காபாத் பெஞ்சு, ஜமாத்துக்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் கூறிற்று. ஏப்ரலில் பொய்யைப் பரப்பிய கைகளில் எத்தனை கைகள் ஆகஸ்டில் அந்தத் தீர்ப்பைப் பரப்பின?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். இந்தக் கூச்சலுக்கு நடுவே, 2020 ஏப்ரல் 17ஆம் தேதி, ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம் என்று குஜராத் சர்க்கார் உத்தரவு போட்டது. இயந்திரத்தின் முன் 12 மணி நேரம் நிற்கச் சொன்ன அந்த உத்தரவு இந்து, முஸ்லிம் என்று பேதம் பார்க்கவில்லை. தொழிற்சங்கம் வழக்காடியது. அக்டோபர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. சண்டையிட்டுப் பிரிந்தவர்களால் இது நடந்திருக்குமா?

இந்தத் தளங்களை நடத்தும் கம்பெனிகளுக்கு விளம்பரமே வருமானம். நாம் திரையை உற்றுப் பார்க்கும் நேரமெல்லாம் அவர்களுக்குக் காசு. ஆத்திரமூட்டும் சேதி கண்ணைப் பிடித்து வைக்கிறது. பலமுறை கைமாறிய சேதியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கம்பெனியே கட்டுப்பாடு போட வேண்டி வந்தது.

கைப்பேசியை வீசி எறியச் சொல்லவில்லை நாம். 2021இல் ஆக்சிஜன் இன்றி ஜனங்கள் மூச்சுத் திணறியபோது, சிலிண்டர் எங்கே, காலிப் படுக்கை எங்கே என்று முகம் தெரியாதவர்களுக்குத் தேடித் தந்ததும் இதே கருவிதான். யாரும் அப்போது சாதி கேட்கவில்லை.

தோழர்களே! நாளை இன்னொரு நோய் வரலாம். ஒரு சேதியை அனுப்புமுன் இரண்டு கேள்விகள் கேட்போம்: இதைக் கண்டவர் யார்? இதனால் ஆதாயம் யாருக்கு? பொய்யை மில் வாசலிலும் களத்துமேட்டிலும் நேருக்கு நேர் உடைப்போம். அடுத்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதே நாம் விசாரிக்க வேண்டிய முதல் சேதி.