பெயரழிந்த கண்டென்ஸர்கள்

பழைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வருவோர் அநேகமாய் எல்லோரும் ஒரே வாக்கியத்துடன்தான் வருகிறார்கள்: "பெரிதாக ஒன்றுமில்லை, ஏதோ ஒரு கம்பி விட்டுப் போயிருக்கும்." வாழவந்தி நாட்டுப் பெரியவர் ஒருவரும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். கம்பளியில் சுற்றிக் குழந்தையைப் போல் அணைத்துக் கொண்டுவந்த பெட்டியை மேஜைமேல் இறக்கினார். ஐந்து வால்வுகள் கொண்ட மரப்பெட்டி ரேடியோ அது. அவருடைய தகப்பனார் வாங்கியது. முப்பது வருஷங்களாக மௌனம்.

"நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது, ஐயா. தொட்டால் மட்டும் சுருக்கென்று அடிக்கும். அதற்கு உயிர் இருக்கிறது என்று அப்பா சொல்லுவார்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை நமக்குத் திக்கென்றது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

பின்பலகையைக் கழற்றினோம். தூசி, சிலந்தி வலை, ஒரு பல்லி முட்டை. அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால் மெழுகு பூசிய காகிதக் குழல்கள் வரிசையாக இருந்தன. அவைதாம் கண்டென்ஸர்கள், நம் பள்ளிப் புத்தகங்கள் 'மின்தேக்கி' என்று சொல்லும் பொருள். ஒவ்வொன்றின் மேலும் அதன் அளவும், தாங்கக்கூடிய வோல்ட்டும் அச்சிட்டிருக்க வேண்டும். ஆனால் மெழுகு உருகி வழிந்ததில் எழுத்து அழிந்துபோயிற்று. எஞ்சிய சீட்டைக் கரப்பான் தின்றுவிட்டது. ஏழு கண்டென்ஸர்களுக்குப் பெயருமில்லை, அளவுமில்லை.

கண்டென்ஸர் என்பது என்ன? இரண்டு உலோகத் தகடுகள்; நடுவே மின்சாரம் பாயாத ஒரு திரை. 1740-களில் ஐரோப்பாவில் செய்த லெய்டன் ஜாடியில் அந்தத் திரை கண்ணாடியாக இருந்தது. பழைய ரேடியோவில் அது காகிதம். ஒரே திசையில் செல்லும் மின்சாரத்தை இது தடுத்து நிறுத்தும்; மாறு மின்சாரத்தை, அதாவது பாட்டையும் பேச்சையும், கடந்துபோக விடும். திரை பழுதானால் தடுக்க வேண்டியதும் கடந்து போகும். காகிதமோ ஈரத்தை உறிஞ்சும் ஜாதி. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தவர்களுக்கு இந்த மலையின் பனிமூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாமை மூட்டையே ஈரம் கோத்துக்கொள்ளும் இடத்தில், காகிதக் கண்டென்ஸர் எப்படித் தப்பும்?

ஆகையால் முதல் விதி: பழைய பெட்டியை நேரே மின்சாரத்தில் சொருகிப் பார்க்கக் கூடாது. இரண்டாவது விதி: சொருகிப் பார்த்த பெட்டியில் கை வைக்குமுன், மின்சாரத்தை அடியோடு துண்டித்து, பெரிய கண்டென்ஸர்களில் தேங்கியிருப்பதை வடிக்க வேண்டும். பத்தாயிரம் ஓம், பத்து வாட் ரெஸிஸ்டர் ஒன்றை நன்றாக உறையிட்ட கம்பிகளில் இணைத்து, அதன் வழியே சில விநாடிகள் வடித்தால் போதும். வடிந்துவிட்டதா என்பதை மீட்டரால் பார்த்த பிறகே விரல் உள்ளே போகலாம். முந்நூறு வோல்ட் மன்னிப்பதில்லை.

இனி, பெயரழிந்ததன் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊருக்குப் புதியவர் ஒருவர் யார் என்று அறிய, அவர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கிறோம் அல்லவா? அதே உபாயந்தான். கண்டென்ஸரின் இரு கால்களும் எங்கெங்கே போகின்றன என்று கம்பியைப் பின்பற்றிக் காகிதத்தில் வரைய வேண்டும். பெட்டிக்குள் கம்பி வரைபடம் ஒட்டியிருந்தால் பாக்கியம். இல்லாவிட்டாலும் வால்வின் எண் கண்ணாடிமேல் இருக்கும். எந்த எண் வால்வுக்கு எந்தக் கால் எது என்பது அச்சான அட்டவணைகளில் உண்டு.

முதல் பெருக்கி வால்வின் ஆனோடிலிருந்து கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டென்ஸர் ஒன்று நம் ஏழில் இருந்தது. கிரிட்டிலிருந்து அடித்தட்டுக்கு 0.47 மெகா ஓம் ரெஸிஸ்டர். இதற்குச் சாதாரணமாக வைக்கும் அளவு 0.01 மைக்ரோபாரட். கணக்கும் அதை ஒப்புக்கொள்கிறது: இவ்விரண்டும் சேர்ந்தால் விநாடிக்குச் சுமார் 34 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலி மட்டுமே குறையும். மிருதங்கத்தின் தொப்பிக்கு அது போதும்.

"மீட்டரில் அளந்துவிட்டால் ஆயிற்றே!" என்று வாசகர் கேட்கலாம். ஒரு காலைக் கழற்றி நாமும் அளந்தோம், ஏறக்குறைய 0.02 என்று காட்டியது. அதை நம்பியிருந்தால் தவறு. கசியும் கண்டென்ஸரைச் சாதாரண மீட்டர் பெரிதாகக் காட்டும். மீட்டரின் வார்த்தை சாட்சியே தவிர தீர்ப்பன்று. இடம், கணக்கு, மீட்டர் ஆகிய மூன்றும் ஒத்துப் போனால்தான் முடிவு.

இந்த ஒரு கண்டென்ஸரின் கசிவைச் சாமானியமாக எண்ண வேண்டாம். ஆனோடில் நூறு வோல்ட் இருக்கிறது. கசிவு பத்து மெகா ஓம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிட்டில் நாலரை வோல்ட் நேர்மின்னழுத்தம் ஏறிவிடும். கடைசி வால்வு வரம்பு மீறி மின்சாரம் குடித்துச் சிவக்கும், குரல் கரகரக்கும், முடிவில் ஒலிபெருக்கியின் டிரான்ஸ்பார்மரும் எரியும். சில ரூபாய்ப் பொருளைக் கவனியாமல், இன்று கிடைத்தற்கரிய பொருளை இழப்போம்.

அடுத்தது, மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கண்டென்ஸர். இதில் நாமே பட்ட அடி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பல வருஷங்களுக்கு முன், இதே போல் அளவழிந்த ஒன்றின் இடத்தில், "பெரிதாக இருந்தால் நல்லதுதானே" என்று 100 மைக்ரோபாரட் வைத்தோம். இரைச்சல் குறைந்தது உண்மை. சில நாளில் நேராக்கும் வால்வு பொறி பறந்து செத்தது. அந்த இ.இஸட். 80 வால்வுக்கு உச்ச வரம்பு 50 மைக்ரோபாரட் என்பதைப் பிறகுதான் அட்டவணையில் பார்த்தோம். அளவில் மிகை கூடாது.

தாங்கும் வோல்ட்டில் மட்டும் மிகை நல்லது. டிரான்ஸ்பார்மர் 250 வோல்ட் கொடுத்தால், வால்வுகள் சூடேறுமுன் கண்டென்ஸரில் ஏறுவது சுமார் 353 வோல்ட். ஆதலால் 450 வோல்ட் தாங்குவதை வைக்க வேண்டும். இவ்வகைக்கு நேர் முனை, எதிர் முனை உண்டு. மாற்றி வைத்தால் வெடிக்கும். சிறிய காகிதக் கண்டென்ஸர்களுக்குப் பதில் 630 வோல்ட் பிலிம் வகை போதும். அவற்றுக்கு முனைப் பேதமில்லை. இவற்றின் மேல் 103 என்றிருந்தால் திகைக்க வேண்டாம்: பத்துக்குப் பின் மூன்று சுன்னம், பத்தாயிரம் பிகோபாரட், அதாவது 0.01 மைக்ரோபாரட். 473 என்பது 0.047, 104 என்பது 0.1.

ஒரு எச்சரிக்கை. நிலையங்களைப் பிடிக்கும் சுருள்களோடு சேர்ந்த மைக்கா, பீங்கான் கண்டென்ஸர்களைப் பெயரில்லை என்பதற்காகப் பிடுங்காதீர்கள். அவை பெரும்பாலும் கெடுவதில்லை. அவற்றின் அளவு சிறிது மாறினாலும் நிலையம் ஊசி காட்டும் இடத்தில் கிடைக்காது.

இப்போது அந்தச் 'சுருக்'கின் கதை. மின்சாரம் நுழையும் இடத்தில், கம்பிக்கும் உலோக அடித்தட்டுக்கும் இடையே பெயரழிந்த கண்டென்ஸர் ஒன்று இருந்தது. இரைச்சலைத் தடுக்க வைத்தது அது. 0.01 அளவில் நல்ல நிலையில் இருந்தாலுமே, நம் 230 வோல்ட் மின்சாரத்தில் இதன் வழியே முக்கால் மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக அடித்தட்டுக்கு வரும். அதுவே சுருக்கென்று தைக்கும். திரை முழுதும் கிழிந்தாலோ, தடுக்க ஒன்றுமே இல்லை; தெரு மின்சாரம் அப்படியே திருகின் ஆணியில் வந்து நிற்கும். அவர் வீட்டில் அத்தனை வருஷம் குழந்தைகள் அந்தத் திருகைத் திருப்பிப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள்! பெட்டிக்கு உயிர் இருந்த அடையாளம் அன்று அது; வீட்டாரின் உயிருக்கு வைத்திருந்த கண்ணி. நாம் அதை எடுத்தே விட்டோம். வைத்துத்தான் ஆகவேண்டுமென்றால், இந்த வேலைக்கென்றே சோதித்து முத்திரையிட்ட 'ஒய்' வகையை மட்டும், சிறிய அளவில் வைக்கலாம். மின்கம்பிகள் இரண்டுக்கும் நடுவே உள்ளதற்கு 'எக்ஸ்' வகை. டிரான்ஸ்பார்மர் இல்லாத பெட்டிகளில் அடித்தட்டே மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். பழகாதவர் அவற்றைத் தொடவே வேண்டாம்.

ஏழையும் மாற்றியபின், 60 வாட் பழைய இழை பல்பு ஒன்றை வரிசையில் இணைத்து மின்சாரம் கொடுத்தோம். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே குற்றம் உண்டு. நமது பல்பு ஒருகணம் மின்னி மங்கிற்று. வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஊசியை நகர்த்துகையில் மத்திய அலையில் ஒரு தமிழ்க் குரல் எழுந்தது. பெரியவர் பேசவில்லை; கம்பளியை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு திருகை ஒரு விரலால் தொட்டார். "அடிக்கவில்லையே, ஐயா" என்றார்.

1924-ல் சென்னையில் சில ஆர்வலர்கள் கிளப் அமைத்து ஒலிபரப்பினார்கள். 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய ரேடியோ நிலையங்கள் ஏற்பட்டன. 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் போலீஸார் கண்ணில் படாமல் இடம் மாறி மாறிக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். அந்தக் குரல்களையெல்லாம் நம் மக்களின் வீடுகளுக்குள் கொண்டுவந்தவை இவ்வகைப் பெட்டிகளே. இவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதைவிடப் பழுது பார்த்துக் காப்பது சுதேசிக்கு இசைந்த காரியம். ஆனால் மனிதனுக்கு ஆபத்தில்லாமல் காக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. மாற்றிய கண்டென்ஸர் ஒவ்வொன்றின் அளவையும் இடத்தையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். நாம் பெரியவரின் பெட்டியில் அப்படியே செய்தோம். இன்னும் முப்பது வருஷம் கழித்து அதைத் திறப்பவர் நம்மைப் போல் திண்டாட வேண்டியதில்லை.