பானெட்டுக்குள் ஒரு செங்கல் சூளை!

வேங்கடம் என்றால் பாவங்களை எரிக்கும் இடம் என்று பொருள் சொல்வார்கள். அது திருப்பதி மலைக்குச் சொன்னது. சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் எங்கள் திருவேங்கடத்தில் சித்திரை, வைகாசியில் பாவம் எரிகிறதோ இல்லையோ, உச்சந்தலை நிச்சயம் எரியும். இந்த லட்சணத்தில், முதுகில் 'டர்போ' என்று எழுதிக்கொண்டு கார்கள் வேறு தெருவுக்குத் தெரு வந்து நிற்கின்றன.

டர்போ என்றால் என்ன? அடியேன் பி.காம். அதனால் கணக்குப்பிள்ளை பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். நூறு ரூபாய்க்கு டீசல் போட்டால் அதில் முப்பது, நாற்பது ரூபாய்தான் உருப்படியாக வேலை செய்கிறது. மீதி எல்லாம் சூடாகி, ரேடியேட்டர் வழியாகப் பாதியும் சைலன்சர் வழியாகப் பாதியுமாகப் போய்விடுகிறது. சுத்தமான வாராக்கடன்! சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஹி, இந்த வாராக்கடனை வசூலிக்க ஒரு வழி கண்டுபிடித்து 1905-ல் பேடண்ட் வாங்கினார். வெளியே போகிற புகையை வைத்து ஒரு குட்டி விசிறியைச் சுற்ற வேண்டியது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு விசிறி. அது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளும் கூடுதலாக எரிக்கலாம், சக்தியும் கூடும். சின்ன இன்ஜின், பெரிய இன்ஜின் வேலையைப் பார்க்கும்.

ஆனால் வசூலுக்குப் போகிறவர் சும்மாவா வருவார்? வம்பையும் கூட்டிக்கொண்டுதான் வருவார். பெட்ரோல் டர்போவை மிதித்து ஓட்டினால், புகை 900, 1000 டிகிரி வரை போகும். செங்கல் சூளையின் சூடும் கிட்டத்தட்ட அதுதான். டீசலில் கொஞ்சம் குறைச்சல். வீட்டு ஃபேன் நிமிஷத்துக்கு முந்நூறு, நானூறு சுற்று சுற்றும். டர்போவோ ஒரு லட்சத்துக்கு மேல்! போதாததற்கு, அமுக்கப்பட்ட காற்றும் சூடாகிறது (சைக்கிள் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும்). அதை ஆற்றுவதற்கு இன்டர்கூலர் என்று தனியாக ஒன்று.

இத்தனையும் பீரோ லாக்கர் சைஸ் இடத்தில், பேட்டரி, ரப்பர் குழாய், பிளாஸ்டிக், வயர் சகிதம் கூட்டுக் குடித்தனம்!

வண்டி ஓடும்வரை பிரச்னை இல்லை. எதிர்காற்று வந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். நிறுத்தியதும்தான் வேடிக்கை. காற்று நின்றது. ஆயில் பம்பும் நின்றது. ஆனால் டர்போவின் சூடு எங்கே போகும்? இன்ஜினை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் பானெட்டுக்குள் சூடு கூடத்தான் செய்யும், குறையாது. டர்போவின் பேரிங்கில் தங்கிய ஆயில், அடுப்பில் மறந்துவிட்ட தோசைக்கல் எண்ணெய் மாதிரி கருகிக் கரியாகும். அடுத்த நாள் அந்தக் கரியை வைத்துக்கொண்டுதான் லட்சம் சுற்று சுற்ற வேண்டும்.

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஒரே வண்டி, டர்போ டீசல். அதை நம்பித்தான் மாதத் தவணை, இரண்டு பெண்களின் காலேஜ் ஃபீஸ் எல்லாம். மதுரை ஏர்போர்ட்டிலிருந்து விரட்டிக்கொண்டு வருவார். வாசலில் பிரேக் போட்ட மறு விநாடி சாவியைத் திருகிவிடுவார்.

"வண்டி நின்ன பெறவு இன்ஜின் எதுக்கு ஓடணும் தம்பி? டீசல் என்ன தாமிரபரணித் தண்ணியா?" என்பார்.

போன வருஷம் வண்டி முதலில் விசில் அடித்தது. பிறகு நீலப் புகை. பிறகு ஆயில் காணாமல் போக ஆரம்பித்தது. ஆயில் மாற்றுவதையும் நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போட்டிருந்தார். டர்போ காலி. பில் முப்பத்தெட்டாயிரம். சங்கரன்கோவில் ஆடித்தபசு சீசனில், சவாரி குவிகிற நேரத்தில், பன்னிரண்டு நாள் வண்டி ஒர்க் ஷாப்பில் படுத்துக்கொண்டது.

நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் ஐட்லிங்குக்குச் சுமார் பத்து மில்லி டீசல். தினம் நாலு தடவை என்றாலும் மாசம் ஒண்ணேகால் லிட்டருக்கு உள்ளேதான். இதை மிச்சம் பிடித்து முப்பத்தெட்டாயிரம் சேர்க்க எத்தனை வருஷம் ஆகும்? அண்ணாச்சி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதற்காக மளிகைக்கடை வாசலில் எல்லாம் ஐட்லிங்கில் நிற்க வேண்டாம். ஊருக்குள் உருட்டிய வண்டிக்கு அது தேவையே இல்லை. விரட்டி வந்தாலும், கடைசி இரண்டு கிலோமீட்டரை மாட்டு வண்டி மாதிரி ஓட்டி வந்தால் போதும்.

சோம்பேறித்தனம் நம் ஊர்ச் சொத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1962-ல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ கார் வந்தது. சூட்டில் இன்ஜின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டப்பாவில் நிரப்ப வேண்டும். நிறைய பேர் நிரப்பவே இல்லை! கடைசியில் பல கார்களிலிருந்து டர்போவையே கழற்றிவிட்டு, சாதா கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள்.

நம் ஊர் வைத்தியங்கள் வேறு ரகம். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடு" என்பார் ஒருவர். கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, டீசலையும் கூடுதலாகக் குடிக்கும். "பானெட்டின் பின்பக்கம் வாஷர் வைத்துத் தூக்கு" என்பார் இன்னொருவர். கண்ணாடி ஓரத்தில் காற்றழுத்தம் அதிகம். சூடு வெளியே போவதற்குப் பதில் காற்று உள்ளே வரும். "கூலன்ட் எதுக்கு, போர் தண்ணியே போதும்" என்பார் மூன்றாமவர். உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொண்டதும் அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

உண்மையான வைத்தியம் சாதாரணமானது. ரேடியேட்டர் முன்னால் அப்பிய பூச்சி, பஞ்சு, தூசியைச் சுத்தம் செய்யுங்கள். ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். கம்பெனி சொன்ன கூலன்ட், சொன்ன ஆயில், சொன்ன தேதியில். 'தேவையில்லாத தகரம்' என்று தோன்றுகிற ஹீட் ஷீல்டையும், அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டையும், ரேடியேட்டர் ஓர ஸ்பாஞ்சையும் கழற்றி எறியாதீர்கள். அவை எல்லாம் சூட்டைத் தடுக்கவும் காற்றை வழி நடத்தவும் வைத்தவை. முக்கியமாக, கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே பிரஷரில் இருப்பதால்தான் அது நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஆவி அடங்காத குக்கரைத் திறப்பீர்களா? இங்கே குக்கருக்குப் பதில் உங்கள் முகம்!

1992-ல் வந்த மெக்லாரன் எஃப்1 காரில், இன்ஜின் சூட்டைத் திருப்பி அனுப்ப உள்பக்கம் தங்கத் தகடு ஒட்டினார்கள். சுமார் 16 கிராம், அதாவது இரண்டு பவுன் என்று சொல்கிறார்கள். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லி, "பார்த்தீங்களா, வெள்ளைக்காரன் வண்டிக்குள்ள ரெண்டு பவுன்!" என்றேன்.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நம்ம வண்டிக்குள்ளயும் ரெண்டு பவுன் இருக்கு தம்பி. டர்போ மாத்தையில எங்க வீட்டுக்காரி கழட்டிக் குடுத்த செயின். இன்னும் அடகுக் கடையிலதான் கெடக்கு!"